கடலோரத்தில் சிவந்த காடு

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம். அப்பருவத்தில் நமக்கு மழை உண்டு, வாடை உண்டு, வயலெல்லாம் பசுமை உண்டு. நம் காட்டு மரங்கள் இலையுதிர்ப்பதோ மாசி, பங்குனியில். அப்போதும் இலைகள் பழுத்துச் சருகாகி வீழ்கின்றனவேயன்றிக் கண்ணைப் பறிக்கும் காட்சியாக விளங்குவது அரிது. ஆதலால், மேல்நாட்டு நூல்களில் இலையுதிர் காலத்தைப் பற்றிப் படிக்கும் நம் மாணவருக்கு அது ஏதோ சோர்வு மிகுந்த பருவமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் வாழ்வோரைக் கேட்டால், ஆண்டின் திருவிழாவே அதுதான் என்பர். அதனைக் காண்பதற்கென்றே விடுப்பு எடுத்துக்கொண்டு கடலோர ஊர்களுக்குச் சென்று தங்குவோர் மிகப் பலர்.

அவர்கள் அவ்வாறு நாடிச் செல்லும் தீவு ஒன்றினைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகின்றேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகீழ்க் கோடியில் மெய்ன் என்னும் மாநிலம் உள்ளது. அதன் கடற்கரையை அடுத்து மவுண்ட் டெஸர்ட் என்னும் தீவு இருக்கின்றது. பரப்பு ஏறத்தாழ 108 சதுர மைல். தீவின் ஏறத்தாழப் பாதி அக்கேடியா தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகின்றது. நான் அங்குச் சென்றது அக்டோபர் மாதத்தின் நடுவில். இளஞ்சிவப்பு நிறக் கருங்கற்பாறைகள் கடலுக்குள் படிப்படியாக இறங்குகின்றன. கடல்நீர் கருநீலம். பாறைகளுக்கு மேலே காடு தொடங்குகின்றது. பூர்ச்ச மரங்கள் பொன்னிறமாக நிற்க, அவற்றினிடையே மேப்பிள் மரங்கள் குங்குமமாய்ச் சிவந்திருந்தன. குன்றுகளின் உச்சியில் முழங்காலளவுகூட வளராத புளூபெரிப் புதர்கள் பாறையின்மேல் செங்கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருந்தன.

பூக்களுக்கும் குறைவில்லை. பாறை வெடிப்புகளில் ஊதா நிற ஆஸ்டர் மலர்கள் பூத்திருந்தன. அவற்றின் பக்கத்தில், பொன்கோல் என்று பொருள்படும் கோல்டன்ராட் செடி தன் மஞ்சள் கொத்துகளைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. உப்புக்காற்றுக்கு அஞ்சாத கடற்கரை ரோஜாச் செடிகளில் ஒன்றிரண்டு மலர்களே எஞ்சியிருந்தன. அவற்றின் சிவந்த கனிகள் நெல்லிக்காயளவு பருத்துத் தொங்கின. இந்த ரோஜாவின் தாயகம் கீழை ஆசியா என்று அறிந்தபோது, அழகிய பொருள்கள் எத்துணைத் தொலைவு பயணம் செய்து குடியேறுகின்றன என்று எண்ணிக்கொண்டேன்.

இலை நிறம் மாறுவதன் காரணத்தை உங்கள் தாவர நூல் கூறும். பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைந்து மறைகின்றது. முன்னரே மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் அப்போது வெளித்தோன்றுகின்றது. சிவப்போ அவ்வாறு ஒளிந்திருந்ததன்று. இலையில் எஞ்சிய சர்க்கரையைக் கொண்டு அப்பருவத்திலேயே புதிதாக உண்டாவது. இவ்வளவும் எல்லாக் காட்டிற்கும் பொது. இத்தீவில் மட்டும் இத்தனை மஞ்சளும் சிவப்பும் ஏன் நெருங்கி நிற்கின்றன என்று கேட்டால், விடைக்கு வரலாற்று நூலையே புரட்ட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே குன்றுச்சரிவுகளில் ஸ்புரூஸ், ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களே செறிந்திருந்தன. அவை மாரியிலும் பசுமை மாறாதவை. அந்நாளில் இலையுதிர் காலத்தில் இங்கு வந்தவன், இன்று நான் கண்ட அளவுக்கு வண்ணத்தைக் கண்டிருக்க முடியாது.

இத்தீவின் மூத்த குடிகள் வபநாக்கி மக்கள். கடற்கரையில் அவர்கள் உண்டு குவித்த சிப்பி ஓட்டு மேடுகள் பல்லாயிரம் ஆண்டு வாழ்வுக்குச் சான்றாக உள்ளன. அவர்கள் இதனைப் பெமெட்டிக் என்று அழைத்தனர். மலைத்தொடர் உள்ள இடம் என்பது போன்ற பொருள் அதற்கு உண்டு. 1604-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சு மாலுமி சாமுவேல் ஷாம்ப்ளேன் இக்கரை வழியே வந்தபோது, மலையுச்சிகள் மரமின்றி மொட்டையாக இருப்பதைக் கண்டு, வறண்ட மலைகளின் தீவு என்று பொருள்படப் பெயரிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது. தாமே வாழும் மலையை ஒருவர் பார்ப்பதற்கும், கப்பலில் கடந்து செல்பவர் பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமையை இவ்விரு பெயர்களும் காட்டுகின்றன.

பிறகு இரண்டரை நூற்றாண்டு காலம் இத்தீவு மீனவரும் உழவரும் கப்பல் கட்டுவோரும் அறிந்த இடமாகவே இருந்தது. இதனை வெளியுலகுக்குக் காட்டியவர்கள் ஓவியர்கள். 1844-இல் டாமஸ் கோல் வந்தார். அவருடைய மாணவரான பிரெடரிக் சர்ச் 1850 முதல் பலமுறை வந்தார். பாஸ்டன், நியூயார்க் முதலிய நகரங்களில் அவர்களுடைய கடற்காட்சிகளைக் கண்டவர்கள், அவ்விடத்தை நேரிலே காண வேண்டும் என்று புறப்பட்டனர். முதலில் வந்தவர்கள் எளியோர் வீட்டில் வாடகை கொடுத்துத் தங்கி, மீனும் உருளைக்கிழங்கும் உண்டு, மலையேறி மகிழ்ந்தனர். 1880-க்குள் பார் ஹார்பர் என்னும் ஊரில் மட்டும் விடுதிகள் முப்பது ஆகிவிட்டன. அதன்பின் வந்தவர்கள் பெருஞ்செல்வர்கள். ராக்பெல்லர், மார்கன், வாண்டர்பில்ட், ஆஸ்டர் எனச் செல்வத்துக்கே மறுபெயராய் வழங்கும் குடும்பங்கள் கடலோரத்தில் மாளிகைகள் எழுப்பின. அம்மாளிகைகளை அவர்கள் 'குடில்' என்றே அழைத்தனராம்! செல்வர்களின் தன்னடக்கம் சில வேளைகளில் இவ்வாறும் வெளிப்படுவதுண்டு. அந்நாளில் வபநாக்கி மக்களோ ஊரின் ஓரத்தில் கூடாரமடித்து, தாம் முடைந்த கூடைகளை இவ்விருந்தினருக்கு விற்று வந்தனர்.

ஆயினும் அச்செல்வர்களுள் சிலர் செய்த ஒரு நற்செயலை மறத்தல் ஆகாது. எண்ணெயால் இயங்கி, இடம் விட்டு இடம் பெயரும் மர அறுவை எந்திரங்கள் வந்ததும், காடு முழுவதும் அழிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. ஹார்வர்டு பல்கலைக் கழகத் தலைவர் சார்லஸ் எலியட், ஜார்ஜ் டார் முதலியோர் 1901-இல் ஓர் அறநிலையம் அமைத்து, பொதுமக்களுக்காக நிலங்களைத் திரட்டத் தொடங்கினர். டார் தம் வாழ்நாளையும் செல்வத்தையும் இதற்கே செலவிட்டார். அவர்கள் திரட்டிய நிலத்தை நடுவணரசு ஏற்றுக்கொண்டு, 1916-இல் தேசிய நினைவிடமாகவும், 1919-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. இன்றுள்ள தேசியப் பூங்காக்களுள் மிஸிஸிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முதலில் அமைந்தது இதுவே. அக்கேடியா என்ற பெயர் 1929-இல் ஏற்பட்டது. இளைய ராக்பெல்லர் குதிரை வண்டிகள் மட்டுமே செல்லத்தக்க கற்சாலைகளை அமைத்தார்; அவற்றுள் 45 மைல் நீளம் இன்று பூங்காவில் உள்ளது. மோட்டார் வண்டியின் இரைச்சலின்றி நடந்து செல்ல விரும்புவோர் இன்றும் அவரை வாழ்த்துகின்றனர்.

இனி 1947-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டின் கோடையிலும் அதன் பின்னும் மெய்ன் மாநிலத்தில் நூறு நாட்களுக்கு மேலாகக் குறிப்பிடத்தக்க மழை இல்லை. புதர்கள் தொட்டால் நொறுங்கும் அளவுக்கு உலர்ந்தன. அக்டோபர் 17-ஆம் நாள், தீவின் வடபகுதியில், ஊர்க்குப்பை கொட்டும் இடத்தை அடுத்த ஒரு சதுப்பு நிலத்திலிருந்து புகை எழுந்தது. தீ எவ்வாறு பற்றியது என்பது இன்றளவும் முடிவாகவில்லை. முதல் மூன்று நாளில் இருநூறு ஏக்கருக்கும் குறைவான நிலமே எரிந்தது. தீயணைப்போர் நம்பிக்கையோடு இருந்தனர். 21-ஆம் நாள் காற்று வலுத்தது. தீ கட்டுமீறிப் பரவியது. 23-ஆம் நாள் பிற்பகலில் காற்று திடீரெனத் திசைமாறிச் சூறையாக வீச, தீ பார் ஹார்பரை நோக்கித் திரும்பியது. ஆறு மைல் தொலைவை மூன்று மணி நேரத்திற்குள் கடந்தது என்றால், அதன் வேகத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சாலைகள் தீயால் அடைபட்டன. ஊர் மக்கள் முதலில் விளையாட்டுத் திடலில் கூடினர். பின்னர்ப் படகுத்துறைக்குச் சென்றனர். முன்னே கருங்கடல், பின்னே செந்தீ. அண்டை ஊர் மீனவர்கள் அக்காற்றிலும் அலையிலும் தம் படகுகளைச் செலுத்திக்கொண்டு உதவிக்கு வந்தனர். நானூறு பேராவது கடல்வழியே தப்பினர். இரவு ஒன்பது மணியளவில் சாலையிலிருந்த தடைகளை எந்திரங்களைக்கொண்டு அகற்றி வழி திறந்தனர். இருபுறமும் மரங்கள் எரிய, எழுநூறு மோட்டார் வண்டிகள் வரிசையாகச் சென்று இரண்டாயிரம் பேரைப் பெருநிலத்துக்குக் கொண்டு சேர்த்தன. தீ முற்றும் அவிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது நவம்பர் 14-ஆம் நாள்தான்.

எரிந்தது பதினேழாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் பதினாயிரம் ஏக்கர் பூங்காவைச் சேர்ந்தது. செல்வர்களின் மாளிகைகளுள் 67 சாம்பலாயின. பெரிய விடுதிகள் ஐந்து அழிந்தன. இன்றும் இத்தீயைப் பற்றிப் பேசுவோர் இம்மாளிகைகளையே முதலில் குறிப்பிடுகின்றனர். எனக்கோ மற்றோர் எண்தான் பெரிதாகப் படுகின்றது. அவ்வூரிலேயே ஆண்டு முழுவதும் வாழ்ந்தவர்களின் வீடுகள் 170 எரிந்தன. வேனிலை மட்டும் கழிக்க வந்தவர்களுக்கு வேறு நகரங்களில் வேறு வீடுகள் இருந்தன. தச்சரும் தோட்டக்காரரும் கடைக்காரரும் வரவிருக்கும் பனிக்காலத்தை எங்கே கழிப்பது? மாளிகைகளில் பல மீண்டும் கட்டப்படவேயில்லை. வருமான வரியாலும் பொருளாதார மந்தத்தாலும் போராலும் முன்னரே தளர்ந்திருந்த அந்த ஆடம்பர வாழ்வு, இத்தீயோடு ஏறத்தாழ முடிந்தது. மாளிகைகள் நின்ற சில இடங்களில் இன்று எளிய பயணிகள் தங்கும் விடுதிகள் உள்ளன.

கருகிய சரிவுகளில் முதலில் தோன்றியவை எவை? பூர்ச்ச மரத்தின் விதைகள் மிக நுண்ணியவை; காற்றில் நெடுந்தூரம் பறப்பவை. ஆஸ்பென், மேப்பிள் முதலியன எரிந்த அடியிலிருந்தும் வேரிலிருந்தும் தளிர்க்க வல்லவை. ஊசியிலை மரங்களின் நிழல் நீங்கி வெயில் படர்ந்த நிலத்தை இவை விரைந்து கைக்கொண்டன. இவையெல்லாம் இலையுதிர்ப்பவை, உதிர்க்குமுன் நிறம் மாறுபவை. நான் கண்ட பொன்னிறச் சரிவுகள் 1947-இல் தீ சென்ற வழியேதான். தீ தீண்டாத மேற்குப் பகுதிக்குச் சென்றால், கரும்பச்சைக் காடு இன்றும் பழையபடியே நிற்கக் காணலாம்.

தோட்டங்களின் வரலாற்றிலும் இத்தீயின் நிழல் விழுந்துள்ளது. பார் ஹார்பரில் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்னும் அம்மையார் வாழ்ந்தார். 1899-இல் அமெரிக்கத் தோட்டக்கலை வல்லுநர் கழகத்தை நிறுவிய பதினொருவருள் பெண் இவர் ஒருவரே. கடலை ஒட்டிய தம் இல்லத் தோட்டத்தைக் கல்விக்கூடமாக ஆக்கி, தமக்குப்பின் நிலைக்கச் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். தீ அத்தோட்டத்தைத் தீண்டவில்லை. ஆனால் தீக்குப் பின் ஊரின் நிலைமை மாறிவிட்டது. வரிவிலக்கும் கிடைக்கவில்லை. எண்பது வயதைக் கடந்த அவர், பிறர் கையில் அது சீரழிவதைக் காட்டிலும் தாமே கலைப்பது மேல் என்று 1955-இல் முடிவு செய்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேணிய தோட்டத்தைத் தம் கண்முன்னே கலைக்க எத்துணை உறுதி வேண்டும்!

அச்செடிகள் வீணாகவில்லை. விடுதி நடத்திவந்த சார்லஸ் ஸாவேஜ் என்பவர், ராக்பெல்லரின் பொருளுதவியுடன் அவற்றை வாங்கி, தீவின் தென்பகுதியில் 1956-இல் புதிய தோட்டம் ஒன்றை அமைத்தார். பழைய வபநாக்கித் தலைவர் ஒருவரின் பெயரால் அஸ்டிகூ என்று வழங்கும் இடம் அது. ஜப்பானியத் தோட்ட முறையைத் தழுவி, மணலை அலைபோல வரிந்து, நடுவே பாறைகளை நிறுத்தியுள்ளனர். அஸேலியா மலர்கள் வேனில் தொடக்கத்தில் பூப்பவை. நான் சென்றபோது அவற்றின் இலைகளே பூக்களைப்போல் சிவந்திருந்தன. குளத்து நீரில் மேப்பிள் இலைகள் மிதந்தன. அங்கிருந்த பணியாளர் ஒருவர், வழியில் கிடந்த சருகுகளைக் கூட்டிவிட்டு, குளத்தின்மேல் மிதந்தவற்றை மட்டும் அப்படியே விட்டுச் சென்றார்.

2021-ஆம் ஆண்டில் அக்கேடியாவுக்கு வந்தோர் தொகை நாற்பது இலட்சத்தைக் கடந்தது. 1,530 அடி உயரமுள்ள கெடிலாக் மலையுச்சியில், வண்டிகளின் நெரிசலைத் தவிர்ப்பதற்காக, இப்போது பருவ காலத்தில் முன்பதிவு செய்துகொண்டே மோட்டாரில் ஏற இயலும். நான் நடந்தே ஏறினேன். பாதையோரத்துப் பூர்ச்ச மரங்கள் பலவும் முதிர்ந்துவிட்டன. சில சாய்ந்து கிடந்தன. அம்மரம் நூறாண்டு வாழ்வதே அரிது. அவற்றின் நிழலில், உதிர்ந்த மஞ்சள் இலைகளுக்கு நடுவே, ஸ்புரூஸ் கன்றுகள் இடுப்பளவு உயரத்தில் பச்சைப்பசேலென்று வளர்ந்துகொண்டிருந்தன.