சுள்ளியும் கட்டையும்: மீஞ்சூர்ப் பக்கத்து விறகின் வரலாறு



நிலத்தின் வரலாற்றையும் கூலியின் வரலாற்றையும் நாம் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைய நினைவுரையில் விறகைப் பற்றிப் பேச விரும்புகிறோம். எரிந்து சாம்பலாகிற பொருளுக்கு என்ன வரலாறு என்று தோன்றலாம். யார் வெட்டினார்கள், யாருடைய நிலத்தில் வெட்டினார்கள், யார் வீட்டு அடுப்பில் எரிந்தது என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும், சாதி வெளியே வந்துவிடும்.

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் விறகு இரண்டு வகை. ஒன்று சுள்ளி, மற்றது கட்டை. ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் சுள்ளி பொறுக்கியவர்கள் சேரிப் பெண்கள், இருளர் பெண்கள். அது அவர்களுடைய சொந்த அடுப்புக்கு. கோடரியும் ஆப்பும் சம்மட்டியும் கொண்டு கட்டை பிளந்தது கூலிக்கு, பிறர் வீட்டு அடுப்புக்கு. வைரம் பாய்ந்த கட்டை நின்று எரியும், நெடுநேரம் தணல் தாங்கும். சுள்ளியோ பற்றிய வேகத்தில் அடங்கிவிடும். அதைத் தள்ளித் தள்ளி எரிக்கிற பெண் புகையை விட்டு எழ முடியாது. கட்டையைப் பிளந்தவர் வீட்டில் சுள்ளிதான் எரிந்தது. இந்த நிலை எப்படி வந்தது என்பதே நம் கேள்வி.

இதை வறுமை என்ற ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. இதற்குள் நில உரிமை இருக்கிறது. பொன்னேரி வட்டம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அது மிராசு முறை வேரூன்றிய மாவட்டம். பயிர் செய்யாத தரிசின் மீதும் மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும், தரிசு கேட்டு மனுப் போட்டால் மிராசுதார்கள் தடுப்பதையும் பதிவு செய்தது. 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்ததற்குப் பின்னணி இதுதான். நிலம் இல்லாதவருக்கு மரம் இல்லை. மரம் இல்லாதவர் பொறுக்கத்தான் வேண்டும்.

அந்தப் பொறுக்கலுக்கும் சட்டம் வேலி போட்டது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்தது. அனுமதியின்றி அங்கே மரம் வெட்டுவது குற்றமாயிற்று. இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1842இல், ஜெர்மனியின் ரைன் மாகாணத்தில் கீழே விழுந்த விறகைப் பொறுக்குவதையும் திருட்டாக்கும் சட்டத்தை எதிர்த்து இளம் மார்க்ஸ் பத்திரிகையில் எழுதினார். ஐரோப்பாவில் அந்தக் கேள்வி வர்க்கத்தின் கேள்வியாக எழுந்தது. இங்கே வர்க்கத்தோடு சாதியும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு பக்கம் சென்னை நகரத்துக்கு விறகுப் பசி. சமையலுக்கும் விறகு, ரயில் என்ஜினுக்கும் விறகு. அதற்காகவே 19ஆம் நூற்றாண்டில் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. மீஞ்சூருக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகுகள் நகரத்து விறகுத் தொட்டிகளுக்குச் சுமை கொண்டுசென்றன. ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும் இந்த வழியில்தான் வந்தது. அந்தத் தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரின் உழைப்பு அதில் இருந்தது. பின்னாளில் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தீவு எடுக்கப்பட்டபோது அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். நகரம் விறகின் எடையைக் கணக்கெழுதியது. வெட்டியவரின் பெயரை எழுதவில்லை.

நாம் வேலிகாத்தான் என்று சொல்லும் சீமைக் கருவேலமும் 19ஆம் நூற்றாண்டில் அரசு விறகுத் தேவைக்காகக் கொண்டுவந்து பரப்பிய மரமே. இன்று அது நிலத்தைக் கெடுத்த மரம் என்று ஏசப்படுகிறது. ஆனால் புறம்போக்கில் யாரும் கேட்காமல் வளர்ந்ததால் ஏழையின் அடுப்புக்குக் கிடைத்த மரமும் அதுதான்.

அந்தப் புறம்போக்கும் இப்போது சுருங்கிவிட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் உற்பத்தியைத் தொடங்கியது. வல்லூரில் 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் பின்னர் வந்தன. நிலக்கரிக் கிடங்கு, சாம்பல் குளம், துறைமுகம், கண்டெய்னர் கிடங்கு என்று வேலிகள் வரிசையாக எழுந்தன. மாநிலத்துக்கே மின்சாரம் தரும் ஊரில், சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வாங்கக் காசில்லாத பெண் சுள்ளிக்கு முன்பைவிட அதிக தூரம் நடக்கிறாள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சுள்ளியையும் அடிக்கட்டையையும் சிறு வன மகசூலில் சேர்த்தது. ஆனால் அது வன நிலத்துக்கான சட்டம். மீஞ்சூரின் ஏரிக்கரைக்கும் கால்வாய் ஓரத்துக்கும் அது வராது.

கட்டை வெட்டும் வேலையின் நிலை என்ன? 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள். அவர்கள் இருளர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். சொற்ப முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் கோடரி பிடித்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படத்தை நாடே பார்த்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அது வந்து 43 ஆண்டுகளுக்குப் பிறகும், விடுதலை என்பது காலில் விழுந்து பெற வேண்டிய ஒன்றாக அவருக்குத் தெரிந்திருக்கிறது.

படத்தைப் பார்த்து இரங்கியவர்களில் பலர், அந்தக் கட்டை எங்கே போகிறது என்று கேட்கவில்லை. வேலிகாத்தானும் சவுக்கும் செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் உணவக அடுப்புக்கும் போகின்றன. நாம் குடியிருக்கும் சுவரிலும் சாப்பிடும் சோற்றிலும் அந்தக் கோடரியின் உழைப்பு இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் கிராமக் கணக்கில் புறம்போக்கு எவ்வளவு இருந்தது, இன்று யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சுள்ளி பொறுக்கிய பாட்டிமாரிடம் அவர்கள் நடந்த பாதைகளைக் கேட்டு எழுதுங்கள். களப்பணித் தோழர்கள், மரம் வெட்டும் குடும்பம் தங்கியிருக்கும் இடம் தெரிந்தால் முன்பணக் கணக்கைக் கேளுங்கள். மீட்கப்பட்டவர் கைக்கு விடுதலைச் சான்றிதழ் வந்து சேரும்வரை விடாதீர்கள். பஞ்சமி நிலத்தைக் கேட்பதோடு பொதுநிலத்தையும் கேட்போம். நிலத்தில் உரிமை வந்தால்தான் கட்டை பிளந்தவர் வீட்டு அடுப்பிலும் தணல் தங்கும்.

ஜெய்பீம்.