திறக்கக்கூடிய ஷொக்கும் திறக்க ஏலாத ஷொக்கும்

ஷொக் அப்சோபர் என்ற பெயரே கொஞ்சம் பிழையான பெயர். சில்லு கிடங்கில விழும்போது அடியை வாங்குவது ஸ்பிரிங்தான். வாங்கின ஸ்பிரிங் சும்மா இராது, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கி வெப்பமாக்கி விடுவதுதான் ஷொக்கின் வேலை. பிரித்தானியர் இதை டாம்பர் என்று சொல்வது அதனால்தான்.

முதலில் இதற்குள் எண்ணெயே இருக்கவில்லை. 1900களின் தொடக்கத்தில் ட்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரரின் கண்டுபிடிப்பை ஹார்ட்ஃபோர்ட் என்பவர் அமெரிக்காவில் செய்து விற்றார். உலோகத் தட்டுகளுக்கு நடுவில தோல் வைத்து ஒரு போல்ட்டால் இறுக்கியது, அவ்வளவுதான். ஆட்டம் கூடினால் இன்னும் கொஞ்சம் முறுக்கலாம். பிறகு ஹூடாய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரின் எண்ணெய் முறை வந்தது. 1927 இன் கடைசியில் வந்த ஃபோர்ட் மொடல் ஏ காரில் பூட்டியது அந்த வகைதான்.

எங்கட கதை தொடங்குவது 1948இல் வந்த மொறிஸ் மைனரோடு. அதிலும் அந்தக் காலத்து ஒஸ்ரின் ஏ40 இலும் இருந்தது லீவர் வகை ஷொக். ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே எண்ணெய், வெளியே கை மாதிரி நீளும் ஒரு லீவர். மேலே ஒரு மூடி இருக்கும். எண்ணெய் குறைந்தால் அதைக் கழட்டி ஊத்தலாம்.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் ஓடினது புது ஜப்பான் கார்கள் இல்லை, இந்தக் கிழட்டு மொறிஸ்களும் ஒஸ்ரின்களும்தான். எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவு என்பதால், சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட முடிந்தது. வீட்டில் இந்தக் கதையைக் கேட்காத ஆக்கள் எங்கட வயதில் குறைவு. ஆனால் எல்லாரும் மண்ணெண்ணெயோடு கதையை நிப்பாட்டி விடுகினம். செப்பனிடாத றோட்டில், அளவுக்கு மிஞ்சின பாரத்தோடு அந்தக் கார் எப்படி நின்று பிடித்தது என்று கேட்பதில்லை. எங்கட பதில்: அது திறக்கக்கூடிய கார். கடையில சாமான் இல்லாத ஊரில், திறக்க முடிந்த பொருளுக்குத்தான் ஆயுள்.

உலகம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. குழாய் வடிவ ஷொக் லீவர் வகையைத் தள்ளிவிட்டது. வேகமாக ஆடும்போது எண்ணெய் நுரைக்கும், நுரைத்தால் பிடிப்பு இல்லை. 1950களில் டி கார்போன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் நைதரசன் வாயுவை ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்து உள்ளே அடைத்து அதைத் தீர்த்தார். கெட்டிக்கார வேலை, மறுக்கேலாது. ஆனால் இப்படி அடைத்து மூடினதை வீட்டில் திறக்கேலாது. வாயு அழுத்தத்தில் இருப்பதால் திறக்கவும் கூடாது.

போன வருடம் நாங்கள் நாலு பேர், நண்பனின் அப்பாவின் பழைய ஹைலக்ஸ் கப் வாகனத்துக்குப் பின் ஷொக் இரண்டையும் முற்றத்தில் வைத்து மாற்றினோம். முன்சில்லுக்குக் கல் அடை வைத்து, பின்பக்கம் தூக்கி சசியை ஸ்டாண்டில் நிறுத்தி, அக்சிலுக்கு அடியில் ஜக்கைக் கொடுத்தால் பிறகு போல்ட்டுகள்தான். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட வேண்டும். புதுசின் கட்டுப்பட்டியை வெட்ட அது தானாக நீண்டது. கழட்டினதைக் கையால் அமத்தினால் அப்படியே கிடந்தது. கடைசி இறுக்கு, பாரம் சில்லில் இறங்கின பிறகு. திருத்தினோம் என்று சொல்லேலாது, மாற்றினோம் அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பழசை ஓட்டியே ஆகவேண்டும் என்ற நிலை முழு நாட்டுக்கும் வந்தது. அதையும் தொண்ணூறுகளின் தடையையும் ஒன்றென்று சொல்வது அநியாயம். இந்த முறை காசு இருந்தவருக்குப் பஞ்சிகாவத்தையில் சாமான் இருந்தது. அந்த முறை காசு இருந்தாலும் இல்லை.

அந்த நாளில் கராஜ் வைத்திருந்தவர்கள் இப்ப அறுபது, எழுபது வயதில் இருக்கினம். உங்கட ஒழுங்கையில் ஒருவர் இருந்தால் போனில் ரெக்கோட் போட்டுக்கொண்டு கேளுங்கோ: ஐயா, ஷொக்குக்கு என்ன எண்ணெய் ஊத்தினீங்கள்? ஸீல் கிழிந்தால் எதிலை வெட்டிப் போட்டீங்கள்?