உத்தியோகம் தேடிய இராமாநுஜன்

கணித மேதை சீனிவாச இராமாநுஜனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய கேம்பிரிட்ஜ் வாழ்க்கையையே விரித்துரைப்பர். நான் இன்று சொல்ல விரும்புவது அதற்கு முந்திய கதை. 1910 முதல் 1912 வரை அவர் வேலை தேடி அலைந்த வரலாறு. படிப்பை முடித்தும் உத்தியோகம் கிட்டாமல் சோர்ந்திருக்கும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டுகளே நினைவுக்கு வருகின்றன.

1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தவர் இராமாநுஜன். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கவனியாமையால் அவ்வுதவியை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1909-இல் அவருக்குத் திருமணமும் நடந்தது. பட்டமில்லை, வருவாயில்லை. அவரிடம் இருந்தவை, தாம் கண்ட கணித முடிவுகளை எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்களே.

அவற்றுடன் 1910-இல் திருக்கோவலூர் சென்றார். அங்கே டிபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். இராமாநுஜன் அவரிடம் கேட்டது சாதாரணக் குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயருக்கு, இத்தகைய அறிவை ரெவினியூ இலாகாவின் கடைநிலை உத்தியோகத்தில் அமிழ்த்திவிட மனம் வரவில்லை. வேலை தரவில்லை, ஆனால், சென்னையிலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அக்கடிதம் பேராசிரியர் சேஷு ஐயரிடமும், அவருடைய சிபாரிசு நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடமும் இராமாநுஜனைக் கொண்டு சேர்த்தன.

முதற் சந்திப்பில் ராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இராமாநுஜன் மனந்தளராமல் மீண்டும் சென்றார். எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அரியவற்றை விளக்கினார். உமக்கு என்ன வேண்டும் என்று ராவ் வினவியபோது, கவலையின்றி ஆராய்ச்சி செய்யும் அளவுக்குப் பிழைப்புக்கு வழி இருந்தால் போதும் என்றார். ராவ் மாதம் 25 ரூபாய் உதவினார். 1911-இல் கணிதச் சங்கத்தின் இதழில் இராமாநுஜனின் முதற் கட்டுரை வெளிவந்தது. ஆயினும் பிறர் தயவில் நெடுநாள் வாழ அவர் ஒப்பவில்லை.

1912-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கவுண்டண்டு ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரம் தற்காலிகமாக வேலை பார்த்தார். பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுக நிர்வாகத்திற்கு விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை பயின்றதையும், இடையூறுகளால் மேலே படிக்க இயலாமற் போனதையும், அதன்பின் தம் காலமெல்லாம் கணிதத்திலேயே சென்றதையும் அதில் தெரிவித்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசும் இருந்தது. மார்ச் 1-ஆம் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்குத் துணை நின்றனர்.

அத்துடன் அவர் அமைந்துவிடவில்லை. இங்கிலாந்திலிருந்த வேறு இரு கணித அறிஞர்களிடமிருந்து ஆதரவு கிட்டாத பின்னும், 1913 ஜனவரி 16-ஆம் நாள் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். அதன் பயனை நீங்கள் அறிவீர்கள். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது, 1914-இல் கப்பலேறினார், 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

பரீட்சையை அலட்சியம் செய்யலாம் என்று இதிலிருந்து யாரும் கொள்ளலாகாது. அத்தோல்வி அவருடைய சில ஆண்டுகளை விழுங்கிவிட்டது. 32 வயதில் மறைந்த ஒருவருக்கு அது சிறிய இழப்பன்று. நான் சொல்ல வந்தது வேறு. அவர் ஒவ்வொரு வாயிலுக்கும் தாமே நடந்து சென்றார். சென்ற இடங்களில் தம் குறையை மட்டும் சொல்லி நிற்கவில்லை, தாம் செய்த வேலையைக் காட்டினார். காட்டுவதற்கு ஒன்று இருந்ததால், மறுத்தவரும் அடுத்த வாயிலைச் சுட்டினார். உத்தியோகம் கிடைக்காத நாட்களிலும் இராமாநுஜன் வேலை செய்துகொண்டே இருந்தார். காத்திருக்கும் காலத்தில் உங்கள் நோட்டிலும் நாள்தோறும் ஒரு பக்கமேனும் நிரம்பட்டும்.