ஈயமா, செம்பா? ஒரு மான் கறிக் கணக்கு

போன நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தில்லிக் குளிர், காதுக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு ரிட்ஜில் நடந்துகொண்டிருந்தேன். ரிட்ஜ் என்றால் ஆரவல்லி மலையின் வால். தில்லிப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் காடும் குரங்குமாகக் கிடக்கும். பேங்க்காரனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் காற்று. அப்போது மின்னசோட்டாவில் இருந்து தங்கச்சி ஃபோன். அங்கே சனிக்கிழமை ராத்திரி.

"அண்ணா, மான் கறி சாப்பிடலாமா?"

எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண். இன்னொன்று வயிற்றில், அஞ்சாவது மாசம். பக்கத்து வீட்டுத் தாத்தா வருஷா வருஷம் நவம்பரில் மான் வேட்டைக்குப் போவாராம். அங்கே லைசென்ஸ் வாங்கிச் செய்கிற சட்டபூர்வமான காரியம். இந்த முறை கொத்துக்கறியாக ரெண்டு பாக்கெட் கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது, "கவலைப்படாதே, நான் செம்புக் குண்டுதான் போடுவேன்" என்றாராம். இவள் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்துவிட்டாள். உள்ளே வந்த பிறகுதான் சந்தேகம். செம்புக் குண்டு இல்லாவிட்டால் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

நான் படித்தது பி.காம். குண்டுக்கும் எனக்கும் சம்பந்தம், பேங்க் வாசலில் நிற்கும் காவலாளியின் இரட்டைக் குழல் துப்பாக்கி மட்டும்தான் :) ஆனால் அன்றைக்கு நான் நின்றிருந்த இடம் அப்படி. கொஞ்சம் சரித்திரம் பேசாமல் பதில் சொல்ல முடியாது.

இந்த ரிட்ஜில் இந்து ராவ் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் பீர் காயிப் என்று ஒரு பாழடைந்த கட்டடம் இருக்கிறது. 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக்கின் வேட்டை மாளிகையின் மிச்சம். வேட்டைக்காகவே தில்லியில் பல மாளிகைகள் கட்டியவர் அவர். பிறகு முகலாயர் வந்தார்கள். இன்று நாம் விமானம் ஏறுகிற பாலம் பக்கத்தில் ஜஹாங்கீர் சிறுத்தைகளை விட்டு மான் பிடித்திருக்கிறார். தன் 50 வயதுக்குள் தன் கையாலேயே 17,167 உயிர்களைக் கொன்றதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆடிட்டர் இல்லாமலேயே எத்தனை சுத்தமான கணக்கு!

அம்பு, சிறுத்தை போக, துப்பாக்கி வந்த நாளில் இருந்து குண்டு என்றால் காரீயம்தான். காரணம் எளிது. கனம் அதிகம், விலை குறைவு, அடுப்புச் சூட்டிலேயே உருகும், அச்சில் ஊற்றினால் குண்டு ரெடி.

அடுத்த காட்சியும் இதே ரிட்ஜில்தான். 1857 ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆங்கிலப் படை இங்கே முகாமிட்டுத்தான் தில்லியை முற்றுகையிட்டது. அந்தச் சண்டைக்குத் தீப்பொறி என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தில் சுருட்டியதுதான் தோட்டா. அதன் முனையைப் பல்லால் கடித்துப் பிய்த்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை உள்ளே தள்ள வேண்டும். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கக் காகிதத்தில் கொழுப்புத் தடவியிருக்கும். என்ன கொழுப்பு என்பதுதான் கேள்வி. அந்த வதந்தி 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பியது. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பாசறை பாசறையாகப் பரவியது. கேட்ட சிப்பாய்களுக்கு நம்பும்படி பதில் சொல்ல ஆளில்லை. கடிக்க வேண்டாம், கையால் பிய்த்துக்கொள்ளலாம் என்று பிறகு விதியை மாற்றினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று கொடுத்தது பழைய மாதிரித் தோட்டாதான் என்பது வேறு விஷயம். மே 10 மீரட், மே 11 தில்லி. மீதி உங்களுக்குத் தெரியும்.

டம்டம் என்ற பெயர் மறுபடி வருகிறது, 40 வருஷம் கழித்து. துப்பாக்கியின் வேகம் கூடக்கூட, மெத்தென்ற ஈயம் குழலில் தாக்குப்பிடிக்கவில்லை. 1882-ல் சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்புச் சட்டை போட்டார். ஆங்கிலேயரும் செம்பு-நிக்கல் கலவைச் சட்டை போட்டார்கள். ஆனால் அந்தக் குண்டு ஆளுக்குள் ஊசி மாதிரி புகுந்து வெளியே போய்விடுகிறது, அடிபட்டவன் நிற்காமல் ஓடி வருகிறான் என்று 1895 சித்ரால் சண்டையில் குறைபட்டார்கள். டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே சட்டையின் மூக்கைக் கொஞ்சம் வெட்டி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். பட்டதும் அது காளான் போல விரிந்தது. காயம் அவ்வளவு கோரம். 1899-ல் ஹேக் மாநாட்டில், உடலுக்குள் விரிகிற குண்டு போரில் கூடாது என்று பிரகடனம் செய்தார்கள். பிரிட்டன் சேர்ந்தது 1907-ல்தான்.

இதில் ஒரு வேடிக்கை. போரில் விரியும் குண்டு கூடாது. மான் வேட்டைக்கோ அமெரிக்காவின் பல மாநிலங்களில் விரியும் குண்டைத்தான் போட வேண்டும். விரியாத குண்டு துளைத்துக்கொண்டு போனால், மான் காயத்தோடு ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். ஒரே அடியில் விழுவதுதான் அதற்குச் செய்கிற கருணை என்பது அங்கே சட்டம். தடை போட்டதும் கருணையை வைத்துத்தான், கட்டாயம் ஆக்கியதும் கருணையை வைத்துத்தான்.

விரிகிற ஈயம் சும்மா விரிவதில்லை, உதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூள்கள் காயத்தைத் தாண்டிப் பல அங்குலம் தள்ளிக்கூடக் கறிக்குள் தெறிக்கின்றன. 2008 வாக்கில் வடக்கு டகோட்டாவில் ஒரு தோல் மருத்துவர், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கறிப் பாக்கெட்டுகளை ஸ்கேன் செய்து பார்த்தார். சுமார் 100 பாக்கெட்டில் பாதிக்கு மேல் உலோகத் தூள். மாநில அரசு அந்தக் கறியைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. அங்கே 738 பேருக்கு ரத்தப் பரிசோதனையும் நடந்தது. வேட்டைக் கறி சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் ஈயம் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல். டெசிலிட்டருக்கு 0.30 மைக்ரோகிராம் வித்தியாசம். பெரியவர்களுக்கு இது பயப்படுகிற அளவு இல்லை. ஆனால் குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் தாயின் ரத்தம் வழியாக ஈயம் போகும். வளர்கிற மூளைக்குத்தான் கெடுதல்.

மனிதனுக்கு முன்னால் இதில் அடிவாங்கியது கழுகுதான். வேட்டைக்காரர் காட்டில் விட்டுப்போகிற குடலையும் சதையையும் தின்று கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சில் செத்தன. 1982-ல் மிச்சம் 22. நமக்கு இது புதுக்கதை இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற நம் பிணந்தின்னிக் கழுகுகளைத் தீர்த்துக்கட்டியது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தில்லியில் முன்பு சாதாரணமாகப் பார்த்த கழுகை என் பையன் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

இதற்கு மாற்றுதான் முழுச் செம்புக் குண்டு. அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனம் 1989-ல் அதை விற்பனைக்கு விட்டது. உள்ளே ஈயமே இல்லை. மூக்கில் ஒரு குழி. மானின் உடலில் பட்டதும் அழுத்தத்தில் அந்தக் குழி நாலு இதழாகப் பூ மாதிரி விரியும், ஆனால் உதிராது. உள்ளே போன எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். குறையும் உண்டு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதே எடைக்குக் குண்டு நீளமாக வேண்டும், எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துவராது. வேகம் குறைந்தால் சரியாக விரியாது. விலையும் கூடுதல். அதனால் வேட்டைக்காரர்களிடம் முணுமுணுப்பு இன்னும் இருக்கிறது. ஆனாலும் கலிபோர்னியா 2019 ஜூலையில் வேட்டைக்கு ஈயத்தை முழுக்க நிறுத்தியது. டென்மார்க் 2024-ல் ரைஃபிள் குண்டிலும் ஈயத்துக்குத் தடை போட்டது. இந்தியாவில் மான் வேட்டையே சட்டப்படி குற்றம் என்பதால் நமக்கு இந்தக் கேள்வியே வரவில்லை. கடல் தாண்டிப் போன நம் வீட்டுக்குத்தான் வந்தது.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னதும் தங்கச்சி மடக்கினாள். "ஏன்ணா, நாம ஈயச் சொம்புல வச்ச ரசத்தைக் குடிச்சுத்தானே வளர்ந்தோம்?"

நல்ல கேள்வி. அது வெள்ளீயம். குண்டில் இருப்பது காரீயம். பெயரில்தான் சொந்தம், குணத்தில் இல்லை. (ரசச் சொம்பு வாங்கும்போதும் சுத்த வெள்ளீயமா என்று கேட்டு வாங்குங்கள்.)

"சரி, அந்தத் தாத்தா கிட்ட ரெண்டு பாக்கெட்டும் செம்புக் குண்டுல அடிச்சதுதானான்னு கேளு."

"ஐயோ, ஆசையாக் கொடுத்தவர் கிட்ட எப்படிண்ணா கேக்கறது?"

இங்கேதான் எனக்கு நின்ற இடம் ஞாபகம் வந்தது. வாயில் வைக்கப்போவதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களை அன்று முட்டாள் என்றார்கள், கலகக்காரன் என்றார்கள். கேட்டது தப்பே இல்லை. ஒழுங்காகப் பதில் சொல்லாததுதான் தப்பு. உன் குழந்தை தின்னப்போகிற கறி, தைரியமாகக் கேள் என்றேன்.

மறுநாள் கேட்டிருக்கிறாள். தாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய், மானில் இருந்து எடுத்த குண்டைக் கொண்டுவந்து காட்டினாராம். நாலு இதழ் விரிந்த செப்புப் பூ. ஒரு பாக்கெட் அவர் அடித்தது. இன்னொன்று அவர் தம்பி கொடுத்தது, அவர் என்ன குண்டு போட்டார் என்று இவருக்குத் தெரியாது. கொத்துக்கறி என்பதால் காயம் பட்ட இடத்தை வெட்டி ஒதுக்கவும் வழியில்லை.

தம்பி பாக்கெட் குப்பைக்குப் போனது. உணவை எறிந்ததில் அவளுக்கு இன்னும் வருத்தம்தான். தாத்தா பாக்கெட்டில் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாளாம். மருமகப் பொண்ணு ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றது என்று ஃபோனில் சொன்னாள்.

வெளிநாட்டில் இருக்கிற நம் வீட்டுக்காரர்கள் யாருக்காவது வேட்டைக் கறி வந்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே என்ன குண்டு என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.