பைசாந்திய மொசைக் நுட்பமும் இக்கால வடிவமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வண்ணக் கண்ணாடி, கல், பளிங்கு ஆகியவற்றின் சிறு சில்லுகளைச் சாந்தில் பதித்து உருவம் சமைக்கும் கலையே மொசைக் எனப்படுகிறது. கிரேக்கரும் உரோமரும் இதனைப் பெரும்பாலும் தரையை அணிசெய்யவே பயன்படுத்தினர். கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசில் இக்கலை சுவரையும் வளைகூரையையும் குவிமாடத்தையும் தனக்குரிய களமாகக் கொண்டு முழுவளர்ச்சி பெற்றது. இன்றைய கட்டட உள்ளணி வடிவமைப்பில் பொன்னிறச் சில்லுகள் இருந்தாலே 'பைசாந்தியப் பாணி' என்று சுட்டும் வழக்கம் பரவியுள்ளது. அவ்வாறு சுட்டப்படுவன அக்கலையின் நுட்பத்தைத் தொடர்கின்றனவா, அன்றி அதன் தோற்றத்தை மட்டும் கடன் பெறுகின்றனவா என்னும் வினாவை நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

நேர்முறைப் பதிப்பு

பைசாந்தியக் கைவினைஞர் சுவரின்மீது சுண்ணச் சாந்தைப் பல அடுக்குகளாகப் பூசினர். இறுதி அடுக்கை அன்றன்று பதித்து முடிக்கக்கூடிய அளவுக்கே பூசி, அது ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் உருவத்தை வண்ணத்தால் வரைந்து, சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பதித்தனர். இதுவே நேர்முறைப் பதிப்பாகும். பொற்சில்லு என்பது முழுப் பொன்னன்று. கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய பொற்றகட்டை ஒட்டி, அதன்மேல் மிக மெல்லிய கண்ணாடிப் படலத்தைப் போர்த்தி உருவாக்கப்படுவது அது.

இம்முறையில் இரண்டு கூறுகள் நம் கவனத்திற்குரியவை. ஒன்று, சில்லின் சாய்வு. பதிப்பவர் ஒவ்வொரு சில்லையும் சிறிதே வெவ்வேறு கோணத்தில் வைத்தார். உயரத்திலுள்ள பொற்சில்லுகளைக் கீழே நிற்பவரை நோக்கிச் சாய்த்து வைத்த இடங்களும் உண்டு. விளக்கின் சுடர் அசையும்போதும் பார்ப்பவர் நடக்கும்போதும் சுவர் முழுவதும் ஒளி இடம் மாறியது. மற்றொன்று, சில்லுகளின் ஓட்டம். கன்னத்தின் வளைவையும் ஆடையின் மடிப்பையும் பின்பற்றியே வரிசைகள் சென்றன. இத்தாலியின் இரவென்னா நகரில் 547-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித விட்டாலே தேவாலயத்தில் பேரரசர் யுஸ்தினியன், அரசி தியோடோரா ஆகியோரின் உருவங்களில் இவ்விரு கூறுகளையும் தெளிவாகக் காணலாம். கலை வரலாற்றறிஞர் ஓட்டோ டெமுஸ் 1948-இல் வெளியிட்ட தம் நூலில், பைசாந்திய மொசைக்கின் வெளி சுவருக்குப் பின்னால் இல்லை, பார்ப்பவர் நிற்கும் இடத்திலேயே உள்ளது என்னும் கருத்தை நிறுவினார். சில்லின் சாய்வு வெறும் அலங்காரமன்று, அக்கலையின் அடிப்படை என்பது இதனாலும் பெறப்படும்.

மறைமுகப் பதிப்பின் வரவு

19-ஆம் நூற்றாண்டில் இந்நுட்பம் பெரும் மாற்றத்திற்கு உள்ளாயிற்று. வெனிசைச் சார்ந்து 1859-இல் பட்டறை தொடங்கிய அந்தோனியோ சால்வியாத்தி, பாரிஸ் நகரில் பணியாற்றிய ஃபாக்கினா ஆகியோரின் காலத்தில் மறைமுகப் பதிப்பு பரவலாயிற்று. இதில் உருவத்தை இடவலம் மாற்றித் தாளில் வரைந்து, சில்லுகளின் முகப்பைத் தாளில் ஒட்டுவர். பின்னர் அத்தாள்களைப் பகுதி பகுதியாகக் கட்டடத்திற்கு எடுத்துச் சென்று சாந்தில் அழுத்தி, தாளை நனைத்து உரித்துவிடுவர். சாரத்தின்மீது மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய பணி பட்டறை மேசைக்கு வந்தது, செலவு குறைந்தது, தொலைவிலுள்ள நாடுகளுக்கும் அனுப்ப முடிந்தது. 1875-இல் திறக்கப்பட்ட பாரிஸ் இசைநாடக அரங்கின் மொசைக் கூரை இப்புதிய சூழலின் விளைவேயாகும்.

ஆயினும், சில்லுகள் அனைத்தும் ஒரே தாளின்மேல் கவிழ்ந்திருப்பதால் முகப்பு ஒரே மட்டமாகிவிடுகிறது. ஒளி சிதறுவதற்கு மாறாக, ஓரிடத்தில் கூசும்படி திரும்புகிறது. எனவே, இங்கு மாறியது செய்முறை மட்டுமன்று. பார்வை அனுபவமும் மாறிவிட்டது எனலாம்.

20-ஆம் நூற்றாண்டு வடிவமைப்பில் பைசாந்தியம்

1903-இல் இரவென்னாவுக்குச் சென்ற ஆஸ்திரிய ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட், அங்குக் கண்ட பொற்பரப்பைத் தம் ஓவியங்களில் கொணர்ந்தார். பிரஸ்ஸல்ஸ் நகரின் ஸ்டாக்லே மாளிகை உணவுக்கூடத்திற்கு அவர் வடிவமைத்த சுவரணி பளிங்கில் கண்ணாடி, உலோகம், பற்பொருள் ஆகியன பதித்து 1911-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. கிளிம்ட் பழைய உருவங்களைப் படியெடுக்கவில்லை. ஆழமின்றிப் பரந்து ஒளிரும் பரப்பு என்னும் கொள்கையை எடுத்துக்கொண்டார்.

ஸ்டாக்ஹோம் நகர மன்றத்தின் பொற்கூடம் மற்றொரு சான்றாகும். 1923-இல் நிறைவுற்ற இக்கூடத்தின் சுவர்களை ஐனார் ஃபோர்செத் வடிவமைத்தார். 180 இலட்சத்திற்கும் மேற்பட்ட சில்லுகள் கொண்ட இப்பணியைப் பெர்லினைச் சேர்ந்த பூல் - வாக்னர் நிறுவனம் செய்தளித்தது. அங்குள்ள புனித எரிக்கின் உருவத்திற்குத் தலை இல்லை. சுவரின் உயரத்தைக் கணித்ததில் நேர்ந்த பிழையே காரணம் எனக் கூறுவர். சுவரைவிட்டு விலகி நின்று வரைவதிலுள்ள இடரை இது நினைவூட்டுகிறது.

இரவென்னா காட்டும் வழி

நேர்முறைக்கும் மறைமுக முறைக்கும் இடையே மூன்றாவது வழியொன்றும் உண்டு. இரவென்னாவின் மொசைக் கலைஞர்கள் பழைய படைப்புகளைப் படியெடுக்கும்போது, சில்லுகளைத் தற்காலிகச் சுண்ணப் பரப்பில் முகப்பு மேலே தெரியுமாறு பதிக்கின்றனர். பின்னர் முகப்பில் துணியை ஒட்டி முழுவதையும் எடுத்து, நிலையான சாந்தில் அமர்த்துகின்றனர். இதனால் பட்டறையில் செய்யப்பட்டாலும் சில்லின் சாய்வு அழிவதில்லை. 1922-இல் ஸ்பிலிம்பெர்கோவில் தொடங்கப்பட்ட மொசைக் பள்ளியும், 2009 முதல் இரவென்னாவில் நடைபெற்றுவரும் இக்கால மொசைக் விழாவும் இக்கைத்திறனைப் புதிய வடிவங்களுக்குக் கொண்டு செல்கின்றன. 1888-இல் வெனிசில் நிறுவப்பட்ட ஓர்சோனி உலைக்கூடம் பொற்சில்லுகளை இன்றும் பழைய முறையைத் தழுவியே உருவாக்குகிறது.

மறுபுறம், கணினி ஒரு படத்தைச் சம சதுரங்களாகப் பகுக்க, ஆலைச் சில்லுகளை அக்கட்டங்களில் நிரப்பும் வடிவமைப்பும் பெருகியுள்ளது. இதில் சாய்வும் இல்லை. உருவத்தைத் தொடரும் ஓட்டமும் இல்லை. எஞ்சுவது நிறம் மட்டுமே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பொன்னிறத்தை அளவுகோலாகக் கொண்டு ஒரு படைப்பைப் பைசாந்திய மரபினது எனக் கூறுதல் பொருந்தாது என்பது புலனாகிறது. சாய்வும் ஓட்டமும் இருப்பின், உருவமே இல்லாத இக்காலப் படைப்பும் அம்மரபைச் சாரும். அவை இல்லையெனில், புனிதர் உருவத்தை அப்படியே பெயர்த்தாலும் அது போலியாகவே நிற்கும். இது பெயர் பற்றிய விவாதம் மட்டுமன்று. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையுள்ள சுவரில் சில்லுகள் உதிரும்போது, அவற்றை எந்தக் கோணத்தில் மீண்டும் அமர்த்துவது என அறிந்த கை தேவைப்படுகிறது. பழைய சுவர்களில் மட்டுமே வேலை கிடைக்குமாயின் அக்கை நெடுங்காலம் பயிற்சியோடு இராது. ஆதலின், புதிய கட்டடங்களில் இந்நுட்பத்திற்கு இடம் தருவது பழைய சுவர்களைக் காப்பதற்கான வழியுமாகும் என்பதே நம் துணிபு.