முகவரித் தானியங்கு நிரப்பல் (அவுட்லுக்)

முகவரித் தானியங்கு நிரப்பல் என்பது மைக்ரோசாப்ட் அவுட்லுக் மேசைக்கணினி மென்பொருளில், பெறுநர் பெட்டியில் ஓரிரு எழுத்துகளைத் தட்டச்சு செய்தவுடன், முன்னர் அஞ்சல் அனுப்பிய முகவரிகளைக் காட்டும் வசதியாகும். இப்பட்டியல் முகவரிப் புத்தகத்திலிருந்து வேறானது. முகவரிப் புத்தகத்தில் ஒருவரது முகவரியைத் திருத்தினாலும் பட்டியலில் பழைய முகவரியே நீடிக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பெரும்பாலான சிக்கல்கள் எழுகின்றன.

சேமிக்கப்படும் இடம்

அவுட்லுக் 2003, 2007 ஆகிய பதிப்புகளில் இப்பட்டியல் பயனரின் புரொஃபைல் பெயருடன் .என்கே2 என்னும் பின்னொட்டு கொண்ட தனிக்கோப்பில் இருந்தது. அஞ்சல்கள் உள்ள .பிஎஸ்டி கோப்பை மட்டும் நகலெடுத்துவிட்டு விண்டோசை மீள நிறுவியோர் பட்டியலை முழுவதுமாக இழந்தனர். முகவரிப் புத்தகத்தையே பயன்படுத்தாதவர்களுக்கு இது பேரிழப்பு. பழைய என்கே2 கோப்பு கைவசம் இருந்தால், அதற்குப் புதிய புரொஃபைலின் பெயரை இட்டு உரிய அடைவில் வைத்துப் பட்டியலை மீட்க முடிந்தது. அவுட்லுக் 2010 முதல் பட்டியல் அஞ்சல் பெட்டியிலேயே மறைவாகச் சேமிக்கப்படுகிறது.

தவறான முகவரி

ஒரே பெயருடைய இருவர் இருப்பின், பட்டியலில் முதலில் நிற்பவருக்கு அஞ்சல் போய்விடக்கூடும். சம்பள விவரம் போன்ற அஞ்சல்களில் இது சிறு பிழையன்று. வேண்டாத முகவரியைக் கீழ்நோக்கு அம்பு விசையால் தேர்ந்து, டெலீட் விசையை அழுத்தி நீக்கலாம். பிற முகவரிகள் பாதிக்கப்படா.

திரும்பி வரும் அஞ்சல்

எக்ஸ்சேஞ்ச் வழங்கியைப் பயன்படுத்தும் நிறுவனங்களில் காணப்படும் இச்சிக்கல் சற்றுக் குழப்பமானது. ஊழியர் ஒருவரின் அஞ்சல் பெட்டி நீக்கப்பட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கப்பட்டால், வெளியாரின் அஞ்சல்கள் அவரை அடையும். உடன் பணிபுரிவோரின் அஞ்சல்களோ திரும்பி வரும். உள் அஞ்சல்களுக்குப் பட்டியல் சேமித்து வைப்பது வழக்கமான மின்னஞ்சல் முகவரியை அன்று. எக்ஸ்500 வடிவிலான உள்முகவரியை. புதிய பெட்டிக்கு உள்முகவரி வேறு. திரும்பி வந்த அறிவிப்பில் ஐஎம்சிஈஏஈஎக்ஸ் எனத் தொடங்கும் நீண்ட முகவரி காணப்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே. அனுப்புநர் அப்பதிவை நீக்கிவிட்டு, நிறுவன முகவரிப் பட்டியலிலிருந்து பெயரை மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். பலருக்கும் இச்சிக்கல் இருப்பின், நிர்வாகி பழைய உள்முகவரியைப் புதிய பெட்டியில் கூடுதல் முகவரியாகச் சேர்த்துவிடலாம்.

பட்டியல் தோன்றாமை

முதலில் அமைப்புகளில் இவ்வசதி அணைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அவுட்லுக் 2010 முதலான மரபுப் பதிப்புகளில் இது அஞ்சல் அமைப்புகளின் 'செய்திகளை அனுப்புதல்' பகுதியில் உள்ளது. அதனருகிலேயே பட்டியல் முழுவதையும் அழிக்கும் பொத்தானும் இருப்பதால் கவனம் தேவை. அதை அழுத்தியபின் மீட்கும் வழி அவுட்லுக்கில் இல்லை. 2007 வரையிலான பதிப்புகளில் கோப்பு பழுதுற்றிருந்தால், அவுட்லுக்கை மூடிவிட்டு என்கே2 கோப்பின் பெயரை மாற்றினால் போதும். அடுத்த முறை புதிய கோப்பு உருவாகும். பழுதுற்ற கோப்பிலுள்ள முகவரிகளை நிர் சோஃபர் உருவாக்கிய என்கே2எடிட் மூலம் பெரும்பாலும் படித்தெடுக்க இயலும் என்பதால் அதை அழிக்காமல் வைத்திருப்பது நன்று.