மண்குதிரையை நம்பி

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது பழமொழி. அது குதிரையன்று, ஆற்றிடை மணல்மேடாகிய 'மண்குதிர்' என்பாரும் உளர். அவ்வழக்கை இங்கு விட்டுவிடுவோம். குதிரையைக் கொண்டு மனநோய்க்கு மருத்துவம் செய்கிறார்களாமே என்று நெய்வேலி நகரியத்து நண்பர் ஒருவர் வியந்தபோது, நம் நினைவுக்கு முதலில் வந்தவை ஐயனார் கோயில் மண்குதிரைகளே.

புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் புரவி செய்து வைப்பதாக நேர்ந்துகொள்வர். ஊரார் தரும் பிடிமண்ணைப் பெற்றே வேளார் வேலையைத் தொடங்குவார். சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டி, கண் திறந்த குதிரைகளை ஊர் கூடிச் சுமந்து சென்று ஐயனார் முன் நிறுத்தும் விழாவே புரவியெடுப்பு. ஒரு வீட்டின் துயரை ஊரே தோளில் ஏற்கும் நாள் அது.

மேலைநாட்டு வரலாறு உயிருள்ள குதிரையோடு நடக்கிறது. கோபத்தோடு குதிரையை அணுகாதே என்று கிரேக்கத்துச் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ்ச் செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், பிறர் தூக்கி ஏற்றிவிட, 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். உடலுக்கான குதிரை மருத்துவம் பரவ அவ்வெற்றி பெருந்தூண்டுதலாயிற்று. உளமருத்துவம் பின்னர் வந்தது. அதற்கென அமெரிக்காவில் 'ஈகாலா' அமைப்பு 1999இல் தோன்றியது.

இம்முறையில் பெரும்பாலும் சவாரி இல்லை. நோயாளி தரையில் நின்று குதிரையை அழைக்கிறார், நடத்துகிறார். குதிரை வேட்டையாடப்படும் இனம். அருகில் வருவோரின் இறுக்கத்தை உணர்ந்து தப்பியே பிழைத்தது. முகத்தில் சிரிப்பும் உள்ளே நடுக்கமுமாக வருபவரிடமிருந்து அது விலகக்கூடும். 'ஏன் விலகிற்று?' என்று மருத்துவர் கேட்குமிடத்தில் சிகிச்சை தொடங்குகிறது. ஆய்வுகள் இன்னும் சிறியவையே. மருந்துக்கு மாற்றாக இதனைக் கொள்ளலாகாது.

இவையெல்லாம் நம்மிடம் அன்றே இருந்தன என்று எழுதிவிட ஆசைதான். எழுதமாட்டோம். மண்குதிரை விலகாது, எவரையும் கணிக்காது. அங்கே ஆற்றுவது குதிரையன்று, சுமக்கும் ஊர்.

நெய்வேலிக்கு அண்மையிலேயே வேறொரு வழக்கமும் உண்டு. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மனக்குறையைத் தாளில் எழுதி, முனியப்பர் சந்நிதியில் 'பிராது' கட்டுகிறார்கள். குதிரை கேளாத சொற்களை இத்தெய்வம் எழுத்திலேயே கேட்கிறது. குறை தீர்ந்ததும் 'ராஜினாமா' செய்து பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும்.